பழைய கேனன் ஏ570 ஐஎஸ் இப்போ வாங்கலாமா? வச்சிருக்கவன் சொல்றேன்

மொதல்ல விலைய சொல்லிடுறேன், ஏன்னா எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. கேனன் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ், செகண்ட் ஹேண்ட்ல, லென்ஸ் ஒழுங்கா வெளிய வந்து உள்ள போகுது, பேட்டரி மூடி உடையல, அப்படின்னா ரெண்டாயிரம் ரெண்டாயிரத்து ஐநூறு வரைக்கும் குடுக்கலாம். அதுக்கு மேல ஒருத்தர் "சிசிடி, விண்டேஜ், ரேர் பீஸ்"னு போட்டு ஆறாயிரம் ஏழாயிரம்னு கேட்டா ஒரு கும்புடு போட்டுட்டு கெளம்பிருங்க. இது ரேரும் இல்ல ஒண்ணும் இல்ல, 2007ல வந்த சாதாரண குடும்ப கேமரா, அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு கல்யாணம் காதுகுத்து டூருக்குன்னு வாங்கிப் போட்டாங்க, இப்ப பாதிக்கு மேல பீரோவுக்குள்ளதான் கெடக்கு. சொந்தக்காரங்க நாலு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க, ஒரு காசு குடுக்காமயே ஏதோ ஒரு டிஜிகேம், அதான் பழைய டிஜிட்டல் கேமரா, கெடைக்கும்.

எனக்கு அப்படித்தான் வந்துச்சு. அத்தை பையன் சிங்கப்பூர்ல வேலை பாத்தப்ப முஸ்தபால வாங்கிட்டு வந்தது, அப்ப அவனுக்கு அது பெரிய செலவு, ஊர்ல எந்த விசேஷம்னாலும் "அவன வரச்சொல்லு, கேமரா வச்சிருக்கான்"னு கூப்புடுவாங்க. அப்புறம் போன்லயே கேமரா நல்லா வந்ததும் இது பட்டுச்சேலைக்கு அடில போயிருச்சு. வீடு மாத்தும்போது கையில ஆப்புட்டுருக்கு, "டேய், ஒனக்கு வேணும்னா எடுத்துக்க, இல்லன்னா எடைக்குப் போடப் போறேன்"னான். எடுத்துட்டு வந்துட்டேன். அதுல எடுத்த போட்டோவெல்லாம் பாத்துட்டு அக்கா பொண்ணு "மாமா எனக்கும் இதே மாதிரி வேணும்"னு நின்னா, அவளுக்குன்னு தேடி ரெண்டாவது ஒண்ணு காசு குடுத்து வாங்குனோம். அதனால ஓசில வந்ததும் காசு குடுத்ததும் ரெண்டும் வச்சுப் பாத்துட்டுதான் இத எழுதுறேன்.

ஸ்பெக் கேக்குறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 7.1 மெகாபிக்சல், 1/2.5 இன்ச் சிசிடி சென்சார் (வெளிச்சத்தப் படமா மாத்துற சில்லு, சிசிடிங்கிறது பழைய வகை), 35லேருந்து 140 எம்எம் வரைக்கும் 4எக்ஸ் ஆப்டிகல் ஜூம், லென்ஸ் எஃப் 2.6ல ஆரம்பிக்கும், ஜூம் முழுசா இழுத்தா எஃப் 5.5க்கு போயிரும், அந்த நம்பர் ஏறுனா உள்ள வர்ற வெளிச்சம் கம்மின்னு அர்த்தம். கை நடுங்குனாலும் தாங்குற மாதிரி லென்ஸுக்குள்ளயே ஸ்டெபிலைசேஷன். 2.5 இன்ச் ஸ்கிரீன், அது இன்னைக்கு போன் பாத்த கண்ணுக்கு கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். வீடியோ 640க்கு 480, அத மறந்துருங்க. எடை பேட்டரி இல்லாம 175 கிராம். மெகாபிக்சல் கம்மியா இருக்கேன்னு யோசிக்காதீங்க, 3072க்கு 2304 சைஸ்ல படம் வருது, ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கும் ஆல்பம் சைஸ்ல பிரிண்ட் போடுறதுக்கும் அது தாராளம்.

இப்ப இதுல எனக்குப் புடிச்ச விஷயத்துக்கு வர்றேன், அது சிசிடி கிடையாது. ரெண்டு ஏஏ செல்.

ஆமா, சுவர்க்கடிகாரத்துல போடுற அதே சைஸ் செல். பழைய டிஜிகேம் வாங்கிட்டு எல்லாரும் மாட்டிக்கிற எடம் பேட்டரிதான். லித்தியம் பேட்டரி மாடல்னா கம்பெனி ஒரிஜினல் பேட்டரி நின்னு போயிருக்கும், இருக்குற பழசு உப்பிப் போயிருக்கும், ஆன்லைன்ல டூப்ளிகேட் வாங்குனா அது எத்தன மாசம் வருமோ தெரியாது, சார்ஜர் வேற தனியா தேடணும். ஏஏ செல்லுக்கு அந்தப் பிரச்சனையே இல்ல, கொடைக்கானல் மேல பொட்டிக்கடைலயும் கெடைக்கும். ஆனா பொட்டிக்கடைல கெடைக்கிற பத்து ரூவா பதினஞ்சு ரூவா செல்ல போட்டுட்டு "கேமரா ஆன் ஆகுது, லென்ஸ் வெளிய வருது, உடனே ஆஃப் ஆயிருது, கேமரா போச்சு"ன்னு நெறைய பேர் முடிவு பண்ணிடுறாங்க. கேமரா போகல. அந்த சாதா கார்பன் செல்லு ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் குடுக்குறதுக்குன்னு செஞ்சது, லென்ஸ் மோட்டார் சுத்தும்போதும் ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் இழுக்குற இழுப்புக்கு அதால குடுக்க முடியாது, வோல்டேஜ் சடார்னு எறங்கும், கேமரா பேட்டரி காலின்னு நெனச்சு அணைஞ்சிரும். அல்கலைன் போட்டா நூத்துச் சொச்சம் படம் வரும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் போட்டா அதுக்கு மூணு மடங்குக்கு மேல வரும், லேபிள்ல வோல்டேஜ் 1.5க்கு பதிலா 1.2ன்னு கம்மியா போட்டிருந்தாலும் லோடு வரும்போது அது எறங்காம நிக்கும், அதான் விஷயம்.

மதுர டவுன்ஹால் ரோட்டுல செல் வாங்கப் போனப்ப கடைக்காரர்கிட்ட "அண்ணே, கேமராவுக்கு ரீசார்ஜ் செல் நல்லதா குடுங்க"ன்னேன். அவரு ஒரு பச்சக் கலர் செல்ல எடுத்துப் போட்டு "இது பாரு தம்பி, 4600 எம்ஏஎச், விலையும் கம்மி"ன்னாரு. ஏஏ சைஸ்ல அந்த வகை செல்லுக்கு நெசமாவே 2500, 2700 வர்றதே பெருசு, 4600லாம் லேபிள்ல மட்டும்தான் இருக்கும். "வேணாம்ணே, அந்த வெள்ள எனலூப் குடுங்க"ன்னதும் "அது 2000தான தம்பி போட்டிருக்கு, வெலையும் ஜாஸ்தி"ன்னு நம்மள ஒரு மாதிரி பாத்தாரு. பரவால்ல. எனலூப்ல என்ன வசதின்னா சார்ஜ் போட்டு டிராயர்ல வச்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுத்தாலும் உள்ள சார்ஜ் இருக்கும், சாதா ரீசார்ஜ் செல் சும்மா இருந்தே காலியாயிரும். தினமும் தூக்காத கேமராவுக்கு அது ரொம்ப முக்கியம். நாலு செல் ஒரு சார்ஜர் வாங்கிருங்க, கேமரா விலையில பாதிக்கு மேல ஆகும், வயிறு எரியும், ஆனாலும் வாங்கிருங்க. ஒண்ணு மட்டும், ஏஏ சைஸ்லயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் விக்கிது, பாக்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், அத தெரியாம ரெண்டு போட்டீங்கன்னா 3 வோல்ட் போக வேண்டிய எடத்துல 7.4 போகும், அத்தோட கேமராவுக்கு எள்ளும் தண்ணியும்தான்.

ரெண்டாவது புடிச்சது வியூஃபைண்டர். பின்னாடி ஸ்கிரீனுக்கு மேல ஒரு சின்ன கண்ணாடி ஓட்டை இருக்கு, கண்ண வச்சுப் பாக்கலாம், ஜூம் பண்ணா அதுவும் கூடவே ஜூம் ஆகும். பெரிய தரம்லாம் கிடையாது, குறுகலா இருக்கும், படத்துல விழப்போறத முழுசா காட்டாது, ஓரத்துல கொஞ்சம் வெட்டித்தான் காட்டும், பக்கத்துல இருக்குறத எடுத்தா கொஞ்சம் தள்ளித் தெரியும். இருந்தாலும் மதுர வெயில்ல பதினோரு மணிக்கு வெளிய நின்னு பாருங்க, எந்த பழைய கேமரா ஸ்கிரீன்லயும் ஒண்ணும் தெரியாது, நம்ம மூஞ்சிதான் தெரியும். அப்ப இந்த ஓட்டைதான் தெய்வம். ஸ்கிரீன ஆஃப் பண்ணிட்டு இதுலயே பாத்து எடுத்தா செல்லும் நெறைய நேரம் வரும்.

சித்திரைத் திருவிழாவுக்கு இத எடுத்துட்டுப் போனேன், எதுக்குன்னா அழகர் ஆத்துல எறங்குன பெறகு ராமராயர் மண்டபத்துகிட்ட தண்ணி பீய்ச்சுவாங்கள்ல, அங்க முப்பதாயிரம் ரூவா போன வெளிய எடுக்க எனக்கு தைரியம் கெடையாது. கருப்பசாமி வேஷம் கட்டிட்டு தோல் பைய அக்குள்ல இடுக்கிட்டு வர்றவங்க எந்தப் பக்கம் திரும்பி பீய்ச்சுவாங்கன்னு சொல்லவே முடியாது. இது தண்ணி தாங்குற கேமரா இல்ல, நனைஞ்சா இதுவும் போகும்தான், ஆனா போனா போகுதுன்னு இருக்குற மனசுதான் வித்தியாசம். ஒரு பிளாஸ்டிக் கவர சுத்தி லென்ஸுக்கு மட்டும் ஓட்ட விட்டு ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டேன்.

அங்க என்ன பண்ணேன்னா மேல இருக்குற டயல்ல Tv-ன்னு ஒரு மோடு இருக்கு, அதுல வச்சா ஷட்டர் வேகத்த நாம சொல்லலாம், மத்தத அதுவே பாத்துக்கும். வெயில் நல்லா ஏறியிருந்துச்சு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கிற அளவு) 80, ஷட்டர் 1/1000 செகண்ட். அப்புறம் ஷட்டர் பட்டன பாதி அமுக்கி ஃபோகஸ புடிச்சு வச்சுக்கிட்டு காத்துட்டு இருந்தேன், ஏன்னா முழுசா ஒரே அமுக்கா அமுக்குனா இது ஃபோகஸ் தேடி முடிச்சு கிளிக் ஆகுறதுக்குள்ள ஆளு போயிருவாரு, பாதி அமுக்கி வச்சா மீதி அமுக்குன உடனே எடுத்துரும். அப்படி விழுந்த ஒரு படம், ஒரு தாத்தா தலப்பாக்கட்டோட தோல் பைய அமுக்குறாரு, சின்னக் குழாய் முனையிலேருந்து தண்ணி மொதல்ல ஒரு கம்பியா நேரா வருது, ஒரு முழம் தாண்டுனதும் அந்தக் கம்பி அறுந்து தனித்தனி முத்தா சிதறுது, ஒவ்வொரு துளிலயும் ஒரு பக்கம் வெயில் வெள்ளையா ஒட்டியிருக்கு, தாத்தா நெத்தில இருக்குற திருநாமம் வேர்வைல கரைஞ்சு மூக்கு வரைக்கும் எறங்கியிருக்கு. ஓசில வந்த கேமரா, ஏழு மெகாபிக்சல். போட்டோ லேப்ல பன்னெண்டுக்கு எட்டு இன்ச் பிரிண்ட் போட்டு வீட்டு ஹால்ல மாட்டியிருக்கேன், வர்றவங்க எந்த போன்னுதான் கேக்குறாங்க.

அந்த விலையில ஆட்டோ மட்டும் இல்லாம ஷட்டர் நம்ம கைல, அப்பெர்ச்சர் (லென்ஸ் ஓட்டை அளவு) நம்ம கைல, ரெண்டுமே நம்ம கைல (அதான் மேனுவல்)னு மூணு மோடும் குடுத்தது பெரிய விஷயம். இதே வரிசைல இத விட மலிவா வந்த குட்டி மாடல்கள்ல அது கிடையாது, வாங்கும்போது மேல டயல்ல Tv, Av எழுத்து இருக்கான்னு பாருங்க. போட்டோகிராபி கத்துக்கணும், டிஎஸ்எல்ஆர் வாங்க காசு இல்லன்னு சொல்ற பசங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன். பின்னாடி மங்கலாகிறதெல்லாம் எதிர்பாக்காதீங்க, சென்சார் சுண்டுவிரல் நகத்த விடச் சின்னது, பின்னணி மங்கணும்னா ஜூம இழுத்துட்டு ஆள பக்கத்துல நிறுத்தி பின்னாடி தூரமா எடம் விடணும், இல்லன்னா மேக்ரோ மோடுல அஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போய் செம்பருத்திய எடுங்க, அப்ப மங்கும்.

சரி, சிசிடி. இதப் பத்தி எழுதலன்னா விடமாட்டாங்க. "சிசிடி கலரே தனி, ஃபிலிம் மாதிரி இருக்கும்"னு ஒரு கூட்டம் கெளம்பியிருக்கு, விலை ஏறுனதுக்கும் பாதி காரணம் அவங்கதான். கலரப் பொறுத்தவரைக்கும் சிசிடியும், இப்ப போன்ல இருக்குற சீமாஸ் வகை சென்சாரும் ஒரே வேலையத்தான் பண்ணுது, ரெண்டுமே வெளிச்சம் எவ்வளவு விழுந்துச்சுன்னுதான் எண்ணுது, கலரு வர்றது சென்சார் மேல ஒட்டியிருக்குற சேப்பு பச்ச நீல ஃபில்டராலயும், கேமராவுக்குள்ள படத்த சமைக்கிற சிப்பாலயும்தான். இதுல அந்த சிப்பு பேரு டிஜிக் 3. அப்புறம் ஏன் இந்தப் படம் வேற மாதிரி இருக்குன்னா, போன் ஒரு கிளிக்குல பல படத்த எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, நிழல்ல இருக்குறத தூக்கி, வானத்த எறக்கி, மூஞ்சிய வழவழன்னு ஆக்கிக் குடுக்குது. இது ஒரே ஒரு படம் எடுக்குது, நிழல் இருந்தா நிழலாவே விட்டுருது. வானம் வெளுத்தா வெளுத்ததுதான். நம்ம அம்மாச்சி மூஞ்சில இருக்குற சுருக்கம் சுருக்கமாவே வருது. அதத்தான் ஜனங்க சிசிடின்னு சொல்றாங்க, போன் படத்தப் பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு, அவ்வளவுதான்.

சிசிடிக்குன்னே ஒரு குணம் இருக்குறது உண்மை, ஆனா அத யாரும் விளம்பரத்துல போடமாட்டாங்க. ஸ்கிரீன்ல பாக்கும்போது ஃபிரேம்ல சூரியனோ ஹெட்லைட்டோ இருந்தா மேல இருந்து கீழ வரைக்கும் ஊதாக் கலர்ல ஒரு கோடு போடும். பயந்துறாதீங்க, ரிப்பேர் இல்ல, போட்டோ எடுக்கும்போது உள்ள இருக்குற ஷட்டர் வெளிச்சத்த அடச்சிரும், படத்துல அந்தக் கோடு விழாது. வீடியோல விழும். தென்ன ஓலைக்குப் பின்னாடி வெள்ள வானம் இருந்தா ஓரமெல்லாம் ஊதா அடிக்கும், அது வேற, அது லென்ஸு சமாச்சாரம், இந்த விலை கேமரா எல்லாத்துலயும் உண்டு.

ஃபிளாஷ். இந்தக் கால பசங்களுக்கு வேண்டியதே அதுதான், ராத்திரில மூஞ்சி பளிச்னு, பின்னாடி கருப்பா, பார்ட்டி போட்டோ. போன்ல இருக்குறது எல்இடி, டார்ச் லைட்டு, இதுல இருக்குறது செனான் ஃபிளாஷ், கண் இமைக்குற நேரத்துல நூத்துல ஒரு பங்கு கூட எரியாது, ஆனா அதுக்குள்ள கொட்டுற வெளிச்சம் அவ்வளவு, அதனால ஆடிக்கிட்டு இருக்குறவன் கூட அப்படியே நின்ன மாதிரி விழுவான். அந்த லுக் வேணும்னா இந்த கேமரா குடுக்கும். ஆனா ஃபிளாஷ் ஒரு தடவ அடிச்சா அடுத்து சார்ஜ் ஆக பத்து செகண்ட் கிட்ட எடுத்துக்கும், ரெண்டே ரெண்டு செல்லுல இருந்து இழுக்கணும்ல, செல் வீக்கா இருந்தா இன்னும் மோசம். இதே காலத்துல நாலு செல் போடுற பெரிய மாடல்கள் வந்துச்சு, அதுல இந்த காத்திருப்பு கம்மி. கல்யாண வீட்ல குரூப் போட்டோவுக்கு எல்லாரையும் நிக்க வச்சு ஒண்ணு எடுத்துட்டு "இன்னொண்ணு, இன்னொண்ணு, சித்தப்பா கண்ண மூடிட்டாரு"ன்னு சொல்லி ஃபிளாஷ் ரெடியாகுறதுக்குள்ள பாதிப் பேரு பந்திக்குப் போயிட்டாங்க. மதுரக்காரங்கள பந்தி போடுற நேரத்துல நிறுத்தி வைக்கிறதெல்லாம் நடக்குற காரியமா.

ஃபிளாஷ் இல்லாம ராத்திரி எடுக்கணும்னா இந்த கேமரா வேணாம். ஐஎஸ்ஓ 200 வரைக்கும் நல்லாருக்கு, 400ல பொரி பொரியா வர ஆரம்பிக்கும், 800, 1600லாம் செட்டிங்ல இருக்குன்னு பேருக்கு இருக்கு. பகல்ல கட்டடத்துக்குள்ளன்னா அவ்வளவு கஷ்டம் இல்ல, திருமலை நாயக்கர் மஹால்ல முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டுல வந்து தூண் மேல விழுதுல, அங்க ஸ்டெபிலைசேஷன நம்பி ஐஎஸ்ஓ 80லயே மூச்சப் புடிச்சுக்கிட்டு எடுத்தேன், ஷட்டர் பத்துல ஒரு செகண்ட் கிட்ட போயும் தூணு ஷார்ப்பா வந்துச்சு. ஆளு நடந்தா மட்டும் கலங்கும். அங்க இருந்த கஷ்டம் வேற, 35 எம்எம்னு சொன்னேன்ல, போன் எல்லாம் 24, 26ல இருக்குறதால இது குறுகலாத் தெரியும், தூணுக்குப் பின்னாடி தூணா போய் நின்னும் முழுசா அடங்கல. ஸ்டிட்ச் அசிஸ்ட்னு ஒரு மோடு இருக்கு, முந்தின படத்து ஓரத்த ஸ்கிரீன்ல காட்டும், அதுக்குப் பொருத்தி அடுத்தத எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கலாம். சின்ன வீட்டுக்குள்ள குடும்பமா நிக்க வச்சு எடுக்குறதுதான் உங்க வேலைன்னா 28 எம்எம்ல ஆரம்பிக்கிற ஏதாவது பாருங்க.

இப்ப அக்கா பொண்ணுக்கு வாங்குன கத. ஆன்லைன்ல ஒருத்தர் போட்டிருந்தாரு, போட்டோல பளபளன்னு இருந்துச்சு, "ஃபுல்லி ஒர்க்கிங், ஒன் ஹேண்ட் யூஸ்". வந்து சேந்ததப் பாத்தா செல் போடுற எடத்துல ஸ்பிரிங் முழுக்க பச்ச பூத்திருக்கு, யாரோ வருஷக்கணக்கா செல்ல உள்ளயே விட்டு அது கசிஞ்சிருக்கு. ஃபோன் போட்டா "வீட்ல நல்லாத்தாங்க இருந்துச்சு, கூரியர்காரன் தூக்கிப் போட்டிருப்பான்"னாரு. கூரியர்காரன் தூக்கிப் போட்டா பச்ச பூக்குமாங்க? அப்புறம் ஃபோனே எடுக்கல. காது குடையுற பஞ்சுக் குச்சில எலுமிச்சம்பழச் சாறு தொட்டு மெதுவா தேச்சு, ஈரம் போகத் தொடச்சு, நல்லா காய வச்சதுல ஸ்பிரிங் மினுங்கிருச்சு, இப்ப ஓடுது, அவளுக்கு யோகம்.

அதனால நேர்ல பாத்து வாங்குங்க, கைல ரெண்டு நல்ல செல்லும் ஒரு கார்டும் எடுத்துட்டுப் போங்க. மொதல்ல பேட்டரி மூடிய தொறந்து பாருங்க, ஏஏ செல் போடுற பழைய கேமராக்கள்ல ஸ்பிரிங் அழுத்தம் மொத்தமும் அந்த குட்டி பிளாஸ்டிக் கொக்கி மேலதான் இருக்கும், அது உடஞ்சிருந்தா செல்லோ டேப்ப சுத்திட்டு திரியணும். ஆன் பண்ணி லென்ஸ் சத்தத்த கேளுங்க, கரகரன்னு மணல் அரைக்கிற சத்தம் வந்தா வேணாம், லென்ஸ் எரர் வந்து நின்னு போறது அந்தக் காலத்து ஜூம் கேமரா எல்லாத்துக்கும் உள்ள வியாதி, அத ரிப்பேர் பண்ற செலவுக்கு வேற கேமராவே வாங்கிரலாம். ஜூம முழுசா இழுத்து சுவத்துல ஒரு காலண்டர எடுத்து, அதே ஸ்கிரீன்ல பெருசாக்கி தேதி ஷார்ப்பா இருக்கான்னு பாருங்க. லென்ஸ கையால மூடிட்டு மேனுவல் மோடுல ஒரு படம், கருப்புல சேப்பு பச்ச புள்ளி நெறைய இருந்தா சென்சார் வயசாயிருச்சு. ஒவ்வொரு தடவ செல் மாத்தும்போதும் தேதிய கேக்குதுன்னா பயப்பட வேணாம், உள்ள ஒரு குட்டி பட்டன் செல் இருக்கு, அது காலி, மாத்துனா சரியாயிரும். அதச் சொல்லி எரநூறு குறைச்சும் கேக்கலாம்.

கார்டு விஷயத்துல கொஞ்சம் கவனம். எஸ்டிஎச்சி வரைக்கும்தான் இது படிக்கும், அதாவது 32 ஜிபிக்குள்ள. 64 ஜிபி வாங்கிட்டு ஓடலன்னு திட்டாதீங்க, அந்த எஸ்டிஎக்ஸ்சி கார்டு வகையே 2009லதான் வந்துச்சு, கேமரா அதுக்கு மூத்தது. படம் ஒண்ணு மூணு எம்பி சுமாருக்கு இருக்கும், 4 ஜிபி கார்டே ஆயிரத்துக்கு மேல தாங்கும். கேபிள் தேட வேணாம், நூறு நூத்தம்பது ரூவாய்க்கு டைப் சி கார்டு ரீடர் கெடைக்குது, போன்ல சொருகுனா படம் நேரா போனுக்கு வந்துரும், அக்கா பொண்ணு ஹாஸ்டல்ல அப்படித்தான் மாத்திக்கிறா.

கம்ப்யூட்டர நோண்டுறவங்களுக்கு இன்னொரு சாப்பாடு இருக்கு இதுல. சிஎச்டிகேன்னு வெளி ஆளுங்க எழுதுன இலவச மென்பொருள், கார்டுல போட்டு ஓட்டலாம், கேமராவுக்குள்ள இருக்குற ஒரிஜினல அழிக்காது, கார்ட எடுத்துட்டா பழையபடி ஆயிரும். உங்க கேமரா உள்மென்பொருள் என்ன வெர்ஷனோ அதுக்குப் பொருத்தமானத எறக்கணும், கார்டு பூட்டு லாக்ல இருந்தாத்தான் தானா ஓடும், 4 ஜிபிக்கு மேலன்னா கார்ட ரெண்டு பார்ட்டிஷனா பிரிக்கணும், அதனால பழைய 2 ஜிபி கார்டு ஒண்ணு ஆப்புட்டா அதுல போடுறதுதான் நிம்மதி. போட்டா என்ன கெடைக்கும்னா ரா ஃபைல் (கேமரா சமைக்காத படம்), லைவ் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு காட்டுற வரைபடம்), குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவ தானா எடுக்குற ஸ்கிரிப்ட், அசைவு தெரிஞ்சா எடுக்குற ஸ்கிரிப்ட். ஐப்பசி மழைல மொட்டமாடி கதவுகிட்ட ஸ்டூல் போட்டு கேமராவ வச்சு அந்த அசைவு ஸ்கிரிப்ட ஓட்டிவிட்டேன், மின்னல் வெட்டும்போது அதுவே எடுத்துச்சு. நெறைய படத்துல வெறும் கருப்பும் எதுத்த வீட்டு டிஷ் ஆன்டெனாவும்தான், ஒண்ணு ரெண்டுல மின்னல் வேர் மாதிரி பிரிஞ்சு மாட்டுத்தாவணி பக்கம் எறங்குறது முழுசா விழுந்திருக்கு. செல்லு ரெண்டு போட்டு கடைசி வரைக்கும் நின்னுச்சு.

இது கெடைக்கலன்னா ஏ590 ஐஎஸ் பாருங்க, 2008ல இதுக்கு அடுத்து வந்தது, 8 மெகாபிக்சல், மேனுவல் உண்டு, வியூஃபைண்டர் உண்டு, ஏஏ செல்லுதான். 2011ல வந்த ஏ1200ம் ஏஏ செல்லு, வியூஃபைண்டர் உண்டு, 28 எம்எம்ல ஆரம்பிக்கும், வீடியோ 720 வரும், ஆனா மேனுவலும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனும் கிடையாது. புதுசாவே வேணும், வாரண்டி வேணும்னா கோடாக் பேர்ல வர்ற எஃப்இசட்45 ஏஏ செல்லுல ஓடுது, வியூஃபைண்டர் இல்ல. ஆன்லைன்ல மூவாயிரத்துக்கு "48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம்"னு கலர் கலரா விக்கிற பேர் தெரியாத கேமரா பக்கம் மட்டும் போயிராதீங்க, அந்த 16எக்ஸ் வெறும் டிஜிட்டல் ஜூம், லென்ஸ் அசையவே அசையாது, 48ங்கிறது சின்னப் படத்த இழுத்து ஊதிக் காட்டுறது, நெறைய பீஸுல ஆட்டோஃபோகஸே இருக்காது. சின்னப் புள்ளைக்கு வெளையாட வேணும்னா சரி.